இரண்டாவது பேப்பருக்கு ஒதுக்கிய விஷம்

எங்கள் துறையில் ஒரு கண்டுபிடிப்பை இரண்டாக வெட்டுவது தவறில்லை. வெட்டத் தெரியாமல் இருப்பதுதான் தவறு. பாசியக்கா ஒரே ஒரு முறை வெட்டினாள். அதற்கு அவள் அண்ணன் என்ன விலை கொடுத்தார் என்பதை எழுதப்போகிறேன்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. நீலப்பச்சைப் பாசியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள் என்பதால் நாங்கள் வைத்த பெயர் பாசியக்கா. "அது பாசியே இல்லடி, பாக்டீரியா. வெயிலைத் தின்னு வாழக் கத்துக்கிட்ட பாக்டீரியா" என்று புதிதாகச் சேர்கிற ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள். சொல்லிவிட்டு அவளே பாசி என்றுதான் கூப்பிடுவாள். நான் அவளுக்கு அடுத்த மேசை. அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி, என் வீட்டில் நான். அதனால் எங்கள் இருவருக்கும் சில விஷயங்களைப் பேசாமலே புரியும். உதாரணத்துக்கு, பேராசிரியர் பேசும்போது எங்களை அறியாமல் எழுந்து நின்றுவிடுவது.

அக்காவுக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் எல்லாம். லாரிகளுக்குப் பின்பக்கம் கட்டித் தரும் ஒரு பட்டறையில் வெல்டர். அவளைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்றும், பொறி பட்டுப் பட்டுத் துளை விழுந்த சட்டையோடுதான் வரிசையில் நின்றாராம். "நல்ல சட்டை போட்டுட்டு வந்திருக்கலாம்லண்ணே" என்று இவள் முனகியதற்கு, "ஏன், காத்து வருது, நல்லாத்தான் இருக்கு" என்றாராம்.

அவருக்குச் சர்க்கரை. கால்கள் மரத்துப்போயிருந்தன. ஒருநாள் வெல்டிங் பொறி செருப்புக்குள் விழுந்து பாதத்தைச் சுட்டது அவருக்குத் தெரியவேயில்லை. நாற்றம் வந்த பிறகு அண்ணிதான் காலைத் தூக்கிப் பார்த்தாள். அதன் பிறகு ஆஸ்பத்திரி, கட்டு, மறுபடி கட்டு. புண்ணில் குடியேறியிருந்தது எந்த மருந்துக்கும் மசியாத கிருமி என்றார்கள்.

கட்டுப் போடும் அறைக்கு வெளியே வரிசை நீளமாக இருக்கும். அண்ணனோடு போகிற நாட்களில் அக்கா அந்தக் கட்டடத்தின் பின்பக்கம் நடந்துகொண்டிருப்பாள். அங்கே மேல்மாடி ஏசி பெட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, சுவர் முழுவதும் கருநீலமாக வழுவழுவென்று ஒரு படலம். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகும் இடம். அக்கா தன் அடையாள அட்டையின் விளிம்பால் அதைச் சுரண்டி, காலி மாத்திரைக் கவரில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஒரே ஒரு ஈரச் சுவர். அதுக்கு எத்தனை பேர் போட்டி பாரு" என்று என்னிடம் சொன்னாள். "பூஞ்சை வரும், வேற பாக்டீரியா வரும், மேய்றதுக்குப் புழு வரும். இதுக்கு ஓடக் கால் இல்ல, கடிக்கப் பல் இல்ல. உடம்புக்குள்ளேயே ஏதாவது காய்ச்சி எதிரி மேல விட்டாத்தான் பிழைக்கும்."

அந்தப் படலத்தைத் தனியாகப் பிரித்து வளர்ப்பதற்குள் அவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கடைசியில் அதன் சாற்றை எடுத்து, சின்னக் காகித வில்லையை அதில் நனைத்து, அதே ஆஸ்பத்திரியின் அடங்காத கிருமியைப் பரப்பிய தட்டில் வைத்தாள். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி மேகம் போலப் படர்ந்திருந்தது. வில்லையைச் சுற்றி மட்டும், ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி, தெளிவான ஒரு வளையம். சாறு எடுக்க உதவிய திரவத்தில் மட்டும் நனைத்த வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. ஆக, வேலை செய்தது பாசிதான்.

"இங்க வாயேன். எனக்குத் தெரியறது உனக்கும் தெரியுதா?" என்றாள். எனக்கும் தெரிந்தது. அப்போது அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதோடு விட்டிருந்தால் அவள் பாசியக்கா இல்லை. கிருமியைக் கொல்வது நம்மையும் கொல்லுமா என்று பார்க்க, ஆய்வகத்தில் வளர்க்கும் மனித ஈரல் செல்கள் மேல் அதே சாற்றை விட்டுப் பார்த்தாள். செல்கள் செத்தன. அளவைக் குறைத்தாள். செத்தன. இன்னும் குறைத்தாள். கிருமி சொகுசாகப் பிழைத்துக்கொண்ட அளவில்கூட ஈரல் செல்கள் செத்தன. எதிரி யார், கட்டுப் போடும் அறையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாசிக்குத் தெரியாது. அதன் வேலை சுவரைக் காப்பாற்றிக்கொள்வது.

இரண்டு முடிவுகளையும் எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனோம். அவர் கெட்டவர் என்று எழுத முடிந்தால் எனக்கு வசதியாக இருக்கும். காலையில் சாப்பிட்டீர்களா என்று கேட்கிற மனிதர். எங்கள் மாதிரிப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்துக்கொள்கிறவர். படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அக்காவின் தொங்கிய முகத்தைப் பார்த்தார்.

"இதுல வருத்தப்பட என்னம்மா இருக்கு? கிருமியைக் கொல்லுது, அது ஒரு பேப்பர். ஈரலைக் கொல்லுது, அது இன்னொரு பேப்பர்."

"சேர்த்தே போட்டுடலாமே சார்? ரெண்டும் ஒரே சாறுதானே?" என்றாள் அக்கா.

"சேர்த்துப் போட்டா ஒண்ணுதான் ஆகும். ரெண்டு பேப்பர் இல்லாம பட்டம் இல்லைன்னு விதி எழுதினது நானா? நாம பொய் சொல்லலையேம்மா. ஒண்ணை இப்பச் சொல்றோம், ஒண்ணை அப்புறம் சொல்றோம். அதுவரைக்கும் ஈரல் கதையை வெளியில மூச்சு விடாதீங்க. எவனாவது முந்திக்குவான்."

அக்கா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அது சம்மதமா, பழக்கமா? ஏணியில் பாதி ஏறி நிற்பவள் ஏணியைப் பிடித்திருப்பவரோடு வாதம் செய்ய மாட்டாள். கீழே நிற்கிற குடும்பம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்யவே மாட்டாள்.

முதல் பேப்பர் ஓர் ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. பல்கலைக்கழகம் அதைப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது. 'மருந்துக்கு மசியாத கிருமியை வீழ்த்தும் நீலப்பச்சைப் பாசி' என்று தலைப்பு. ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து எடுத்தது என்பதுகூடச் சுவையான தகவலாக வந்திருந்தது. படத்தில் பேராசிரியர் முன்னால். பின்னால் குடுவையோடு அக்கா, பாதி முகம்.

அந்த வார இறுதியில் நானும் அவளோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் நாற்காலியில் கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க விஞ்ஞானி. நான் வரிசையில நின்ன ஆஸ்பத்திரி, நான் பார்த்த சுவர். பேர்ல பாதி எனக்கு வரணுமே?"

"உன் பேரையே பாசிக்கு வெச்சுடறேன்ணே. ரெண்டும் ஒரு இடத்துல ஒட்டினா நகராது."

"பாத்தியாடி, உன் நாத்தனாருக்கு வாயை" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இது எப்பம்மா கடைக்கு வரும்?" என்றார்.

"அதெல்லாம் வருஷக்கணக்கா ஆகும்ணே. இன்னும் நிறைய பார்க்கணும்."

அது பொய்யில்லை. பார்க்க வேண்டியது நிறைய இருந்தது. பார்த்து முடித்த ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. எனக்கும் அது தெரியும். நானும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வருஷக்கணக்காகும் என்று கேட்ட அண்ணன், அதை ஆபத்து என்று புரிந்துகொள்ளவில்லை. ஆபீஸ் தாமதம் என்று புரிந்துகொண்டார். அவர் வாழ்க்கையில் தாமதமான எல்லாமே ஆபீஸ்களால்தான் தாமதமானது.

அண்ணியின் போன் ஒரு மத்தியானம் வந்தது. நாங்கள் ஓடியபோது அவரைப் படுக்கையில் போட்டிருந்தார்கள். பாதம் ஊதி, நிறம் மாறி, சுற்றிலும் கொப்புளம். காய்ச்சலில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை டாக்டர் எங்களைவிட ஓரிரு வயதுதான் பெரியவளாக இருப்பாள். கையுறையில் ஒட்டிய கருநீலப் பிசுக்கைக் காட்டி, "யாரு இந்தக் குப்பையை வெச்சுக் கட்டினது?" என்று சீறினாள்.

அண்ணன் கையைத் தூக்கி அக்காவைக் காட்டினார். காட்டிக்கொடுக்கவில்லை. பெருமையாகக் காட்டினார்.

"என் தங்கச்சி கண்டுபிடிச்சது டாக்டர். பேப்பர்ல வந்திருக்கு."

ஒவ்வொரு முறை கட்டுப் போட்ட பிறகும் பின்பக்கம் போய்ச் சுவரைச் சுரண்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டை அவிழ்த்து, அதை வைத்துக் கட்டியிருக்கிறார். மாத்திரைகளை நிறுத்திவிட்டார். கிருமிக்குத்தான் அந்த மாத்திரைகள் பழகிப்போய்விட்டனவே, பேப்பரிலேயே போட்டிருக்கிறதே! புண் எரிந்தபோது, மரத்த காலில் உணர்ச்சி திரும்புகிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

"முழங்காலுக்குக் கீழ எடுக்க வேண்டி வரலாம். மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கன்னத்தில் ஒரு அறையே தேவலை.

அண்ணி எங்களை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். பேச்சில் நூல் நுழைய இடம் விடமாட்டாள்.

"கடைக்கு வர நாளாகும்னு சொன்ன. விஷம்னு சொன்னியா?"

"இல்ல அண்ணி."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"பேப்பர்ல படம் வர்றதுக்கு முன்னாடியே."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். அக்கா என்னென்னவோ சொன்னாள். இரண்டு பேப்பர் வேண்டும் என்றாள், சார் சொல்ல வேண்டாம் என்றார் என்றாள், ஈரல் முடிவு இரண்டாவது பேப்பரில் கட்டாயம் வரும் என்றாள். அண்ணி முழுவதையும் கேட்டாள்.

"எந்தக் கடையில விப்பாங்க அந்த ரெண்டாவது பேப்பரை? சொல்லு, போய் வாங்கிட்டு வந்து உங்கண்ணன் தலைமாட்டுல வெக்கிறேன்."

எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். நாங்கள் எழுதுவது வெல்டருக்குத் தெரியாத மொழியில், அவர் திறக்க முடியாத பூட்டுக்குப் பின்னால் கிடக்கும். அங்கிருந்து வெளியே கசிந்து அவர் கைக்கு வருவது நல்ல செய்தி மட்டும்தான். கெட்ட செய்திக்கு யார் தலைப்புப் போடுவார்கள்? இது பேராசிரியருக்குத் தெரியும், பல்கலைக்கழகத்துக்குத் தெரியும், பத்திரிகைக்குத் தெரியும். படித்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே 'நாங்கள் பொய் சொல்லவில்லை' என்கிறோம். பொய் சொல்லாமலே ஒருவரை இந்த நிலைமைக்குக் கொண்டுவர முடியும் என்றால், என்ன படிப்பு இது? எதற்கு என் அம்மா என் பட்டப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாள்?

விரல்களும் பாதத்தின் முன்பாதியும் போயின. குதிகாலைக் காப்பாற்றிவிட்டதாகவும், அதற்கு மேல் ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் டாக்டர் சொன்னாள்.

பேராசிரியர் அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் கதவருகே நின்றேன். அவர் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நம்ம ஜனங்களுக்கு விழிப்புணர்வே இல்ல." பேனாவை எடுத்தார். "தப்பா நினைக்காத. எத்தனை மணி நேரம் கட்டி வெச்சிருந்தாரு? கொப்புளம் முதல்ல வந்துச்சா, வீக்கம் முதல்ல வந்துச்சா? மனுஷத் தோல்ல என்ன ஆகுதுன்னு யாரும் எழுதினதில்ல. ரெண்டாவது பேப்பருக்கு ஒரு பத்தி கிடைக்கும்."

அக்கா கத்தி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"எங்கண்ணன் கால் சார் அது! பத்தி இல்ல!"

பக்கத்து அறையில் சுழன்றுகொண்டிருந்த இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். பேராசிரியர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். அக்கா எழுந்து நின்றுகொண்டு, இது விஷம் என்று அதே பத்திரிகையில் வர வேண்டும், உடனே வர வேண்டும், நீங்கள் சொன்னால்தான் போடுவார்கள் என்றாள்.

"இப்ப அப்படி வந்தா முதல் பேப்பரையே சந்தேகப்படுவாங்க. உன் பட்டம் நின்னு போயிடும். இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என் நல்லதை நான் பார்த்துக்கறேன் சார். ரெண்டையும் சேர்த்து ஒரே பேப்பரா நானே எழுதறேன்."

"யாரோட ஆய்வகத்துலேருந்து?"

இதை நான் எழுதும் இன்று, அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அவள் எழுதிவிட்டாள், பேராசிரியரின் கையெழுத்தில்லாமல் அது மேசை மேசையாக நகர்கிறது. பத்திரிகை நிருபரிடமும் அன்றே பேசினாள். "பேராசிரியர் சொன்னாப் போடலாம் மேடம்" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

பேராசிரியர் அறையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணனைப் பார்க்கத்தான் போனோம். வழியில் ஏதோ தோன்றி அக்கா பின்பக்கம் திரும்பினாள். சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

எட்டுகிற உயரம் வரைக்கும் சுவர் கோடு கோடாகச் சுரண்டப்பட்டிருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் கிடந்தது. கட்டுப் போடும் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எல்லாம் அண்ணன் தன் தங்கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். எத்தனை பேரிடம் என்று யாருக்குத் தெரியும்?

அக்கா வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். "அந்தச் சுவத்துல இருக்கிறதை யாரும் எடுக்காதீங்க. அது விஷம். கட்டியிருந்தா இப்பவே உள்ள சொல்லுங்க. அதைக் கண்டுபிடிச்சது நான்தான், நானே சொல்றேன்."

கையில் கட்டோடு இருந்த ஒரு டிரைவர் சிரித்தார். "ஏம்மா, மருந்துக் கம்பெனிக்காரன் எவ்வளவு பேசினான்? பேப்பர்ல மருந்துன்னு போட்ட. ஜனங்க சும்மா எடுக்கிறாங்கன்னதும் விஷம்ங்கற?"

"அதானே" என்று இன்னொரு குரல்.

அக்கா துப்புரவு அறையிலிருந்து பிளீச்சிங் பவுடரும், வாளியும், தேய்க்கிற பிரஷும் கேட்டு வாங்கினாள். கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்று நீட்டினாள். சுவரை முதலில் நனைத்து, பிறகு தேய்க்க ஆரம்பித்தோம். காவலாளி ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டுச் சுவத்தைத் தேய்க்கறீங்க?"

"ஏன், ஆஸ்பத்திரியைச் சுத்தம் பண்ண அனுமதி வாங்கணுமா?" என்றேன். அவர் மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார்.

சத்தம் கேட்டு அண்ணி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் அண்ணன், பாதிப் பாதத்தில் வெள்ளைக் கட்டோடு. வரிசையில் இருந்தவர்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள். அண்ணன் டிரைவரைப் பார்த்தார்.

"தம்பி, நான்தானே உன்கிட்டச் சொன்னேன்? இப்பவும் நானே சொல்றேன். இந்தக் காலைப் பாரு. பார்த்துட்டு உள்ள போய் டாக்டர்கிட்ட அவிழ்த்துக் காட்டு." டிரைவர் தன் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். அண்ணன் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடது. பேப்பரைப் படிச்சேன், இவளை ஒரு வார்த்தை கேட்கல. கேட்டிருந்தா இவ சொல்லியிருப்பா."

அக்கா பிரஷை நிறுத்தினாள். அவர் கொடுத்த அந்த வாக்கியத்துக்குள் அவள் வசதியாக ஒளிந்துகொண்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணிகூட.

முகமூடியைக் கழற்றிவிட்டு, "கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்ணே" என்றாள். "நீ கேட்டே. எப்ப கடைக்கு வரும்னு கேட்டே. எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. பட்டம் போயிடுமேன்னுதான் சொல்லல."

மேலேயிருந்து ஏசி தண்ணீர் எங்கள் தலையில் சொட்டியது. அண்ணன் முகத்தில் கோபம் வந்தது. நான் அவரிடம் முதல்முறையாகப் பார்த்த கோபம். அது போகவும் இல்லை.

"பேச மாட்டேன்டி உன்கிட்ட. கொஞ்ச நாளைக்கு" என்றார். பிறகு கையை நீட்டி, குழாய்க்குப் பின்னால் நாங்கள் விட்டுவிட்டிருந்த கருநீலத் திட்டைக் காட்டினார்.

"அதோ, அங்க இன்னும் இருக்கு. தேய்."